எஸ்க்யூ 321: எட்டு நொடியும் 178 அடியும்

2024 மே 20ஆம் தேதி இரவு லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ 321. போயிங் 777-300ஈஆர் வகை விமானம். 211 பயணிகள், 18 பணியாளர்கள். ஏறத்தாழப் பத்து மணி நேரம் குறிப்பிட்டுச் சொல்ல எதுவும் இல்லாத பயணம். மறுநாள், மியான்மரின் தென்பகுதியில் ஐராவதிப் படுகைக்கு மேலே 37,000 அடி உயரத்தில் சென்றுகொண்டிருந்தபோது, காலை உணவு பரிமாறப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், விமானம் கடும் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. 73 வயதுப் பிரிட்டிஷ் பயணி ஒருவர் இறந்தார். மாரடைப்பாக இருக்கலாம் என்று சொல்லப்பட்டது. பலருக்குத் தலையிலும் முதுகெலும்பிலும் காயம். விமானம் பாங்காக்குக்குத் திருப்பப்பட்டு, சுவர்ணபூமி விமான நிலையத்தில் உள்ளூர் நேரம் மாலை 3.45க்குத் தரையிறங்கியது.

விமானப் பாதுகாப்புத் துறையினர் இந்த நிகழ்வை அவர்களுக்குரிய கோணத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். நான் இதை எடுத்துக்கொண்டது, குலுக்கல் தொடங்கிய உடனே கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்பவர்களுக்காக. அவர்களில் பலர் இந்தச் செய்தியின் தலைப்பைப் படித்துவிட்டு டிக்கெட்டை ரத்து செய்தவர்கள். தலைப்போடு நிறுத்திக்கொண்டதுதான் கெடுதல். நொடிக் கணக்கில் பதிவான விவரங்களைப் படித்தால், இதே நிகழ்வு அச்சத்தை வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது.

விழுந்தது எவ்வளவு

"விமானம் 6,000 அடி விழுந்தது" என்பதுதான் முதல் நாளிலேயே உலகம் முழுவதும் பரவிய செய்தி. விமானங்களைப் பின்தொடரும் இணையத்தளங்களின் வரைபடத்தில், 37,000 அடியிலிருந்து 31,000 அடிக்கு ஒரு கோடு மளமளவென்று இறங்கியிருந்தது. உள்ளே சிதறிக்கிடந்த தட்டுகளும் தொங்கும் ஆக்சிஜன் முகமூடிகளும் உள்ள படங்கள் ஒரு பக்கம், இந்தக் கோடு மறு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் தாமாகவே ஒரு கதையை எழுதிக்கொண்டார்கள்.

மே 29ஆம் தேதி சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்புப் புலனாய்வுப் பிரிவு, கறுப்புப் பெட்டிப் பதிவுகளிலிருந்து எடுத்த முதற்கட்ட விவரங்களை வெளியிட்டது. அதில் இருந்த எண் 178 அடி. செய்தித்தாள்கள் சொன்ன 6,000 அடி இறக்கம் நடந்தது உண்மைதான். ஆனால் அது கொந்தளிப்பு முடிந்து 17 நிமிடம் கழித்து, காயம்பட்டவர்களோடு பாங்காக்கை நோக்கித் திரும்பிய விமானிகள் தாங்களே இறக்கிய வழக்கமான இறக்கம். அதற்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டார்கள். உங்கள் விமானம் எந்த ஊரில் இறங்குவதற்கு முன்பும் இப்படித்தான் இறங்குகிறது.

முதற்கட்ட அறிக்கை சொல்லும் வரிசை இது. உலகப் பொது நேரம் 7:49:21க்கு (பாங்காக்கில் அப்போது பிற்பகல் 2:49) விமானம் லேசாகக் குலுங்கத் தொடங்கியது. கீழே மழைமேகங்கள் வளர்ந்துகொண்டிருந்த பகுதி அது. அடியிலிருந்து எழுந்த காற்று விமானத்தை யாரும் கேட்காமலே மேலே தூக்கியது; உயரம் 37,362 அடி வரை போனது. அதைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர ஆட்டோபைலட் மூக்கைக் கீழே திருப்பியது. வேகமும் கூடியதால் விமானிகள் இறக்கையின் மேலுள்ள வேகத்தடுப்புத் தகடுகளை விரித்தார்கள். 7:49:32க்கு, சீட் பெல்ட் விளக்கு போடப்பட்டுவிட்டதாக ஒரு விமானி சொல்வது ஒலிப்பதிவில் கேட்கிறது. 7:49:40க்கு அந்த அடி விழுந்தது. 0.6 நொடிக்குள் செங்குத்து முடுக்கம் 1.35 ஜியிலிருந்து மைனஸ் 1.5 ஜிக்குப் போனது (ஜி என்பது என்ன அளவு என்று கீழே சொல்கிறேன்). அடுத்த 4 நொடியில் மைனஸ் 1.5லிருந்து மீண்டும் 1.5 ஜிக்கு ஏறியது. மொத்தம் 4.6 நொடி. விமானிகள் ஆட்டோபைலட்டை விலக்கிவிட்டு 21 நொடி கையால் ஓட்டி, 7:50:05க்கு மறுபடி அதனிடம் ஒப்படைத்தார்கள்.

அந்த 4.6 நொடியில் விமானம் இறங்கியது 37,362 அடியிலிருந்து 37,184 அடிக்கு. கூர்ந்து பார்த்தால், "விழுந்து" முடித்த இடத்திலும் விமானம் தான் இருக்க வேண்டிய 37,000 அடியைவிட 184 அடி உயரத்தில்தான் இருந்தது. தரையை நோக்கிய பாய்ச்சல் என்று உலகம் நினைத்தது, தூக்கி எறியப்பட்ட உயரத்தில் பாதிகூடத் திரும்பிவராத ஓர் இறக்கம். தலைப்பு எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு வாரம் கழித்து இந்தத் திருத்தத்தை அதே எழுத்தளவில் போட்டார்கள் என்று தேடிப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

பிறகு ஏன் இவ்வளவு காயம்?

178 அடி இறக்கம் ஒருவர் மண்டையை எப்படி உடைக்கும்? ஜி என்ற அளவைப் புரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

நாம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உணர்வது 1 ஜி. அளவு 1.5 ஆனால் உடல் கனக்கும். 0.5 ஆனால் வயிறு எழும்பும், ஆனாலும் இருக்கையில்தான் இருப்போம். பூச்சியத்துக்குக் கீழே போனால் மட்டுமே இருக்கை நம்மை விட்டுப் பிரிகிறது. முறத்தில் புடைக்கும்போது அரிசி துள்ளுவதாகத் தோன்றும். உண்மையில் முறத்தைத்தான் வெடுக்கென்று கீழே இழுக்கிறோம், அரிசி ஒரு கணம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. பெல்ட் போடாத பயணிகளுக்கு நடந்தது அதுதான். விமானம் அவர்களைவிட வேகமாகக் கீழே போனது. அமர்ந்திருப்பவரின் தலைக்கும் கூரைக்கும் ஒரு மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 1.5 ஜி என்ற உச்ச அளவில் அந்த மீட்டரைக் கடக்க 0.4 நொடிகூட ஆகாது. கையால் எதையாவது பற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கே அதில் இடமில்லை. பிறகு, அளவு மறுபடி 1.5க்கு ஏறும்போது, மேலே போனவர்கள் கைப்பிடிகளின் மீதும் நடைபாதையிலும் அதற்கேற்ற கனத்தோடு விழுந்தார்கள்.

பாங்காக்கில் சிகிச்சை அளித்த மருத்துவமனையின் இயக்குநர் சொன்ன கணக்கில், தண்டுவடம் முதுகெலும்பு சார்ந்த காயத்தோடு 22 பேரும், மண்டையோடு மூளை சார்ந்த காயத்தோடு 6 பேரும் இருந்தார்கள். மேலே மோதிக் கீழே விழுந்தால் உடலின் எந்தப் பகுதிகள் அடிபடும் என்று யோசித்தால், இந்தப் பட்டியலில் வியப்பு எதுவும் இல்லை.

இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் எண் 178 அல்ல, 8. விளக்கு எரிந்ததாகச் சொல்லப்பட்ட 32ஆம் நொடிக்கும் ஆட்கள் பறந்த 40ஆம் நொடிக்கும் இடையே இருந்தது எட்டு நொடி. கழிப்பறையில் இருந்தவருக்கு எட்டு நொடி போதாது. பெல்ட்டின் இரு முனைகளையும் போர்வைக்கு அடியில் தேடுபவருக்கும் போதாது. உணவு வண்டியோடு நடைபாதையில் நின்ற பணியாளருக்கு நிச்சயமாகப் போதாது. அந்த விளக்கு விமானிக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். விமானிக்கே தெரியாதது வரும்போது அதை நம்பி இருப்பவருக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

குலுக்கல் தொடங்கிய 21ஆம் நொடியிலிருந்து கணக்கிட்டால் அவகாசம் 19 நொடி. அந்த 19 நொடியில் அளவு 0.44 ஜிக்கும் 1.57 ஜிக்கும் இடையே ஆடியது. பறக்க அஞ்சும் ஒருவருக்கு அதுவே உலக முடிவுபோல இருந்திருக்கும். ஆனால் அது முழுவதும் பூச்சியத்துக்கு மேலேதான் இருந்தது. இருக்கையிலிருந்து யாரும் எழும்பும் அளவு அல்ல. முதல் அசைவிலேயே பதறிப்போய் பெல்ட்டை இறுக்கிக்கொண்ட ஒருவர் அந்த விமானத்தில் இருந்திருந்தால், அடுத்து வந்த அடியில் இருக்கையோடு இருந்திருப்பார். "இதெல்லாம் சாதாரணம்" என்று புன்னகைத்தபடி பெல்ட் இல்லாமல் இருந்த அனுபவசாலிதான் கூரைக்குப் போயிருப்பார். ஆகாயத்தில் அச்சமும் ஆபத்தும் பெரும்பாலும் ஒரே இருக்கையில் உட்காருவதில்லை.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கும் இதையே காட்டுகிறது. 2009 முதல் 2022 வரை அந்நாட்டு விமானங்களில் கொந்தளிப்பால் கடுமையாகக் காயமடைந்தவர்கள் 163 பேர். அவர்களில் 129 பேர் பணியாளர்கள், அதாவது நின்றுகொண்டு வேலை பார்ப்பவர்கள். பயணிகள் 34 பேர். ஆண்டுக்குப் பல கோடிப் பேர் பறக்கும் நாட்டில், பதினான்கு ஆண்டுகளுக்கு இது.

இறக்கை உடையுமா

காயத்தைப் பற்றிப் பேசி முடித்தாலும், அஞ்சுபவர்களின் மனத்தில் இருக்கும் உண்மையான படம் வேறு: இறக்கை பிய்ந்துபோவது. ஜன்னல் வழியே இறக்கை மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் எளிதில் அழிவதில்லை.

777 வகையை உருவாக்கியபோது, 1995 ஜனவரியில், அமெரிக்காவின் எவரெட் தொழிற்சாலையில் போயிங் நிறுவனம் ஒரு முழு விமானத்தின் இறக்கைகளை உடையும் வரை வளைத்துப் பார்த்தது. பணிக்காலம் முழுவதிலும் எதிர்பார்க்கக்கூடிய அதிகபட்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும் என்பது விதி. இறக்கை முனைகள் இருபது அடிக்கு மேல் வளைந்த பிறகு, 154 விழுக்காட்டில்தான் உடைந்தன. இறக்கை ஆடுவது அது வளையும் என்பதற்கான அடையாளம். ஆடாமல் விறைத்து நின்றால்தான் நான் கவலைப்படுவேன். எஸ்க்யூ 321 விமானமும் அந்த அடிக்குப் பிறகு ஏறத்தாழ 55 நிமிடம் பறந்து ஒழுங்காகத் தரையிறங்கியது. சில நாட்களில் அதே விமானம் பாங்காக்கிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து திரும்பியது.

"கொந்தளிப்பால் எந்த ஜெட் விமானமும் உடைந்ததே இல்லை" என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. அதை நம்ப வேண்டாம். 1966 மார்ச் 5ஆம் தேதி, ஜப்பானின் ஃபூஜி மலைக்கு அருகே, தெளிவான வானத்தில், பிரிட்டனின் பிஓஏசி நிறுவனத்தின் போயிங் 707 ஒன்று, மலையைத் தாண்டும் காற்றில் எழும் மலையலைக் கொந்தளிப்பில் உடைந்து 124 பேரும் இறந்தார்கள். 1981 அக்டோபரில் நெதர்லாந்தில் ஃபோக்கர் எஃப்28 விமானம் ஒன்று சூறைச்சுழலுக்குள் நுழைந்து இறக்கையை இழந்தது; 17 பேர் இறந்தார்கள். அஞ்சுபவர்கள் இரவு இரண்டு மணிக்கு இணையத்தில் தேடுபவர்கள். பொய்யான ஆறுதல் முதல் தேடலிலேயே உடையும், அதோடு மற்ற உண்மைகளையும் அவர்கள் நம்ப மறுப்பார்கள். எனவே முழுமையாகவே சொல்லிவிடலாம்: உடைந்த அரிய சில, பெரிய மலையின் பின்புறம், சூறைச்சுழல் போன்ற குறிப்பிட்ட இடங்களில் உடைந்தவை. எந்த இடங்களிலிருந்து விலக வேண்டும் என்பதை விமானிகளின் பயிற்சியும் வானிலைக் குறிப்பும் இன்று அன்றைவிடப் பல மடங்கு தெளிவாகச் சொல்கின்றன.

இந்தியாவில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022 மே 1ஆம் தேதி மும்பையிலிருந்து துர்காபூருக்குச் சென்ற ஸ்பைஸ்ஜெட் போயிங் 737, இறங்கும் நேரத்தில் கடும் கொந்தளிப்பில் சிக்கியது. 2.64 ஜிக்கும் மைனஸ் 1.36 ஜிக்கும் இடையே அளவு ஆடியதாக விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தெரிவித்தது. 14 பயணிகளும் 3 பணியாளர்களும் காயமடைந்தார்கள்; முதுகெலும்பில் அடிபட்ட பயணி ஒருவர் சில மாதங்களுக்குப் பின் இறந்தார். விமானம் தரையிறங்கியது. இங்கும் உடைந்தது விமானம் அல்ல, விமானத்தோடு சேர்ந்து நகராத உடல்கள்.

ரேடாரும் வெப்பமாகும் வானமும்

விமானத்தின் மூக்கில் உள்ள வானிலை ரேடார் நீர்த்துளிகளைத்தான் பார்க்கும். கனமழை மேகம் அதற்குப் பளிச்சென்று தெரியும். உறைந்த பனித்துகள்கள் மங்கலாகத் தெரியும். ஈரமில்லாத காற்று தெரியவே தெரியாது. மே மாதக் கடைசியில் வங்கக் கடல், அந்தமான் கடல், மியான்மர் கரை என்று எங்கும் பருவமழைக்கு முந்தைய மேகங்கள் வேகமாக வளரும். வளர்ந்து முடித்த மேகத்தைச் சுற்றிப் போகலாம். வளர்ந்துகொண்டே இருக்கும் மேகத்தின் மேல் உச்சி எந்த நிமிடத்தில் எந்த உயரத்தைத் தொடும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எஸ்க்யூ 321 செய்தியோடு ஒட்டவைக்கப்பட்ட இன்னொரு செய்தி, பருவநிலை மாற்றத்தால் கொந்தளிப்பு கூடுகிறது என்பது. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு அது. வட அட்லாண்டிக்கின் ஒரு சராசரி இடத்தில், தெளிவான வானில் வரும் கடும் கொந்தளிப்பு 1979இல் ஆண்டுக்கு 17.7 மணி நேரமாக இருந்தது, 2020இல் 27.4 மணி நேரமானது. 55 விழுக்காடு உயர்வு. ஆய்வு உண்மை, உயர்வும் உண்மை. ஆனால் அது மேகமில்லாத வானில், அதிவேக மேற்காற்று ஓட்டங்களின் விளிம்பில் வரும் கொந்தளிப்பைப் பற்றியது. ஐராவதிக்கு மேலே நடந்தது பெரும்பாலும் மழைமேகத்தின் வேலை. ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாகக் காட்டுவது சரியல்ல. இன்னொன்றையும் கணக்கிட வேண்டும்: ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. 27.4 மணி என்பது அதில் ஒரு விழுக்காட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. "55 விழுக்காடு" என்ற எண்தான் தூக்கத்தைக் கெடுக்கும், 27.4 என்ற எண் கெடுக்காது.

உடல் ஏன் நம்ப மறுக்கிறது

இத்தனையையும் படித்த பிறகும் அடுத்த குலுக்கலில் உள்ளங்கை வியர்க்கும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் படிந்த சிறு உறுப்புகள் உண்டு. அவை முடுக்கத்தை உணரும்; உயரத்தையோ தூரத்தையோ உணராது. 0.5 ஜி வந்தால் அவை "விழுகிறோம்" என்று மூளைக்குச் சொல்லும். எத்தனை அடி என்று சொல்லத் தெரியாது. பஸ்ஸில் போகும்போது பள்ளத்தைக் கண் முன்கூட்டியே பார்த்துவிடும், உடல் தயாராகிவிடும். விமானத்துக்குள் கண்ணுக்குத் தெரிவது முன்னிருக்கையின் முதுகு மட்டும்தான். அதனால் மூளை தானே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்கிறது, அதுவும் எப்போதும் பெரிய எண்ணாக. வழக்கமான குலுக்கலில் விமானத்தின் உயரம் பெரும்பாலும் சில பத்து அடிக்குள்தான் மாறும். கேட்டுப் பாருங்கள், பயணி நூற்றுக்கணக்கில் சொல்வார்.

திருச்சியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு மகன் சிங்கப்பூரில். ஆண்டுதோறும் போய்வருபவர். எஸ்க்யூ 321 செய்தி வந்த வாரம் தொலைபேசியில் அழைத்தார். "ஆறாயிரம் அடி விழுந்ததாமே, கண்ணு. நான் வரவில்லை என்று அவனிடம் நீயே சொல்லிவிடு" என்றார். பேரனின் பிறந்தநாளுக்கு டிக்கெட் போட்டிருந்தது. நான் ஜி பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். வயிறு கேட்க மாட்டேன் என்கிறது" என்றார். இதைவிடத் துல்லியமாக இந்தப் பிரச்சினையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் முதலில் நாடியது மாத்திரையை. தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஏறிவிடலாம் என்ற யோசனை. இது பரவலான வழக்கம். மருத்துவர்களும் சிலருக்குத் தருவதுண்டு. இதைப் பற்றி 1997இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று எனக்குத் தெரியும். பறக்க அஞ்சும் 28 பெண்களை இரண்டு முறை பறக்க வைத்தார்கள். முதல் பயணத்தில் சிலருக்கு அல்பிரஸோலம் என்ற பதற்றத் தணிப்பு மாத்திரை, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. உண்மையான மாத்திரை எடுத்தவர்கள் அன்று பதற்றம் குறைவு என்றார்கள். ஆனால் அவர்களின் இதயத்துடிப்பு கூடியிருந்தது. ஒரு வாரம் கழித்து மாத்திரை இல்லாமல் பறந்தபோது, அதே பெண்களில் பேரச்சத் தாக்கத்துக்கு ஆளானவர்கள் 7 விழுக்காட்டிலிருந்து 71 விழுக்காடானார்கள். மாத்திரை அச்சத்தை மறைத்தது. குலுக்கல் வந்து போகும், ஒன்றும் ஆகாது என்பதை உடல் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்து மறைத்துவிட்டது என்பதே என் புரிதல். சிறிய ஆய்வுதான். ஆனாலும் மதுவைப் பற்றியும் இதே ஐயம் எனக்கு உண்டு. மதுவுக்கு இன்னொரு குறையும் இருக்கிறது: அது அடிக்கடி கழிப்பறைக்கு எழுப்பும், பெல்ட்டைக் கழற்ற வைக்கும்.

பெரியம்மா கடைசியில் மாத்திரை இல்லாமல்தான் போனார். நான் சொல்லிக்கொடுத்தது இரண்டே காரியம். ஒன்று, ஏறி உட்கார்ந்தது முதல் இறங்கும் வரை பெல்ட். விளக்கு அணைந்தாலும் பெல்ட். இரண்டாவது, குலுக்கல் தொடங்கும்போது கைப்பிடியை விட்டுவிட்டு, மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவது. கைப்பிடியை இறுகப் பற்றுவதால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. தோளிலும் கழுத்திலும் ஏறும் இறுக்கத்தை மூளை ஆபத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளும். அச்சம் எவ்வளவு என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, குலுக்கல் முடிந்ததும் என்ன நடந்தது என்று அருகில் எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். எதிர்பார்த்ததும் நடந்ததும் பக்கத்துப் பக்கத்தில் தாளில் இருந்தால், அடுத்த பயணத்தில் வயிற்றோடு வாதாட அதுதான் ஆவணம். உளவியல் சிகிச்சையில் இதைப் படிப்படியாகச் செய்விப்பார்கள். அச்சம் பயணத்தையே நிறுத்திவிட்ட நிலையில் இருப்பவர்கள் கட்டுரைகளை நம்பாமல் அத்தகைய சிகிச்சையை நாடுவதே நல்லது.

பெரியம்மா நோட்டை எடுத்துச் சென்றார். அதில் மதிப்பெண் எதுவும் இல்லை. பக்கம் பக்கமாக ஸ்ரீராமஜெயம் எழுதியிருந்தார். குலுங்கிய இடங்களில் எழுத்து கோணலாக இருந்தது. உளவியலாளர் ஒருவர் இங்கே ஒரு கேள்வி கேட்கக்கூடும்: இது மனத்தை நிலைநிறுத்தும் பயிற்சியா, அல்லது எழுதாவிட்டால் விமானம் விழுந்துவிடும் என்ற நம்பிக்கையா? முதலாவது உதவும், இரண்டாவது அச்சத்தை வளர்க்கும். அதையே அவரிடம் கேட்டேன். "இரண்டுக்கும்தான்" என்றார். அவருக்கு நான் வேறு முறை எதையும் பரிந்துரைக்கவில்லை.

தவிர்த்தல்தான் இந்த அச்சத்துக்கு உணவு. ஒரு பயணத்தை ரத்து செய்தால் அன்று கிடைக்கும் நிம்மதி, அடுத்ததை இன்னும் கடினமாக்குகிறது. எஸ்க்யூ 321இல் இருந்தவர்களில் 131 பயணிகளும் 12 பணியாளர்களும் மாற்று விமானத்தில் ஏறி மறுநாள் விடியற்காலையே சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் துணிச்சல்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலருக்கு வீட்டுக்குப் போக அதுவே வழி. காரணம் எதுவானாலும், அன்றிரவே பறந்தார்கள்.

பிறகு மாறியவை

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த வாரத்திலேயே விதியை மாற்றியது. சீட் பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானங்களோடு உணவு பரிமாறுவதும் நிறுத்தப்படும், பணியாளர்களும் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்வார்கள். அதற்கு முன் அந்த நேரத்தில் பானம் மட்டும் நிறுத்தப்பட்டுவந்தது. ஜூன் மாதம், சிறு காயமடைந்தவர்களுக்கு 10,000 அமெரிக்க டாலரும், கடுமையாகக் காயமடைந்தவர்களுக்கு முன்பணமாக 25,000 டாலரும் தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், கொரியன் ஏர் தன் எக்கானமி வகுப்பில் கோப்பை நூடுல்ஸ் தருவதை நிறுத்தியது. காரணம், கொந்தளிப்பில் கொதிநீர் கொட்டிச் சுடுவது. நூடுல்ஸ் பிரியர்கள் கோபித்துக்கொண்டார்கள். நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன்.

இன்னும் மாறாதது மடியில் வைத்துக்கொள்ளும் கைக்குழந்தைகள் விஷயம். மைனஸ் ஜியில் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்துவைக்க முடியாது. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் தனி இருக்கையும் அதற்கேற்ற பிடிப்பும் வேண்டும் என்று அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. டிக்கெட் விலையால் அது நடைமுறைக்கு வரவில்லை. முடிந்தவர்கள் தனி இருக்கை எடுக்கலாம்; முடியாதவர்கள், குழந்தைக்கான இணைப்புப் பெல்ட் இருக்கிறதா என்று ஏறியதும் பணியாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் இறக்கைக்கு அருகே எடுப்பது நல்லது. வால்பகுதியில் ஆட்டம் கூடுதலாகத் தெரியும். காலை விமானம் அமைதியானது என்ற அறிவுரை தரைக்கு மேலே பறக்கும்போது பொருந்தும், ஏனெனில் அங்கே வெயிலால் எழும் மேகங்கள் பிற்பகலில் வளரும். கடலுக்கு மேலே மழைமேகங்கள் பின்னிரவிலும் விடியலிலும்தான் பெரும்பாலும் வலுக்கும். எனவே திருச்சி, சென்னையிலிருந்து வங்கக் கடலைக் கடப்பவர்கள் நேரத்தைப் பார்த்து டிக்கெட் போடுவதால் பெரிய லாபம் இல்லை. பெல்ட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகவும் இறுக்கமாகவும் போட வேண்டும். போர்த்திக்கொண்டு தூங்குபவர்கள் அதைப் போர்வைக்கு வெளியே மாட்டிக்கொண்டால், விளக்கு எரியும்போது பணியாளர் எழுப்பிச் சரிபார்க்க வேண்டியிருக்காது.